உதிரிப்பாகப் பட்டியல் தராமல் விற்ற சிறு உழவு இயந்திரம்: உற்பத்தியாளருக்கு ஒரு புகார்க் கடிதம்

அனுப்புநர்:
வாடிக்கையாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.

பெறுநர்:
முகாமைப் பணிப்பாளர் அவர்கள்,
சிறு உழவு இயந்திரத் தயாரிப்பு நிறுவனம், கொழும்பு.

விடயம்: உங்களிடம் வாங்கிய நான்கு சக்கர சிறு உழவு இயந்திரத்தின் குறைபாடுகளும் உதிரிப்பாக விபரங்கள் தரப்படாமையும்

ஐயா,

உங்கள் நிறுவனத்திடம் நான் வாங்கிய சிறு உழவு இயந்திரம் தொடர்பாக இதை எழுதுகிறேன். தொலைபேசியிலும் வாட்ஸ்அப்பிலும் பல தடவை சொல்லிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் வேறொருவர் எடுக்கிறார், நானும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். இயந்திரத்தில் குறைகள் இருக்கின்றன, அவற்றைக் கீழே சொல்கிறேன். ஆனால் எல்லாவற்றுக்கும் மேலாக, அதற்குள் என்னென்ன பூட்டியிருக்கிறது என்ற விபரத்தை எனக்குத் தர மறுக்கிறீர்கள். என் முதல் முறைப்பாடு அதுதான்.

அவிசாவளைப் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு ஒரு தென்னங்காணி இருக்கிறது. என் தம்பி பார்த்துக்கொள்கிறான், கணக்கு வழக்குகளையும் கொள்வனவையும் நான் கொழும்பிலிருந்து கவனிக்கிறேன். மழை கூடிய இடம், புல் ஓயாமல் வளரும். மரங்கள் 26 அடிக்கு 26 அடி இடைவெளியில், ஏக்கருக்கு 64 என்ற கணக்கில் நட்டவை. பெரிய உழவு இயந்திரத்தைக் கொண்டுபோனால் திரும்பும்போது மரத்தில் இடிக்கும், வேரையும் அமுக்கும். கையால் பிடித்து நடந்து ஓட்டும் இரண்டு சக்கர உழவு இயந்திரமான லேண்ட் மாஸ்டரை அந்தச் சரிவில் வைத்து நாள் முழுக்க மல்லுக்கட்ட ஓட்டுநரால் முடியாது. அதனால்தான் இந்த அளவு இயந்திரம் ஒன்றைத் தேடினோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு, பாவித்த யப்பான் சிறு ட்ராக்டர்களுக்குக் கேட்ட விலை எங்களுக்கு எட்டவில்லை. அந்த நேரத்தில்தான் உங்கள் விளம்பரம் கண்ணில் பட்டது.

உங்கள் பட்டறைக்கு நேரில் வந்தேன். விற்பனைப் பகுதியில் இருந்தவர் மரியாதையாகப் பேசினார். "அக்கா, இது நாங்களே செய்யிற மெசின். ஒரு நட்டு கழன்றாலும் எங்களிட்ட வாங்கோ, பெரிய கொம்பனி மாதிரி உங்களை அலைய விடமாட்டம்" என்றார். நான் பணம் கட்டியது இந்தப் பேச்சை நம்பித்தான். சிறிய நிறுவனம் என்றால் செய்தவரோடு நேரே பேசலாம், இங்கேயே செய்யும் ஒரு பொருளுக்குக் கொடுக்கும் காசு இங்கேயே இருக்கும் என்று மனதார நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். 2022இல் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல், டொலரும் இல்லாமல், டீசலுக்கு வரிசையில் நின்று பட்டறை நடத்தியவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். அந்தக் கஷ்டத்தைக் குறைத்துச் சொல்ல நான் இதை எழுதவில்லை.

சரி, இனி இயந்திரத்துக்கு வருகிறேன்.

உங்கள் விலைக்கூறலிலும் விளம்பரத் தாளிலும் 25 குதிரைவலு என்று இருக்கிறது. என்ஜினில் பொருத்தியுள்ள தகட்டில் 14.7 கிலோவாட் என்று பொறித்திருக்கிறது. ஒரு குதிரைவலு ஏறத்தாழ 0.735 கிலோவாட். அப்படியென்றால் இது 20 குதிரைவலு என்ஜின். 25 என்றால் தகட்டில் 18.4 என்று இருந்திருக்க வேண்டும். இதைக் கேட்டபோது "அது கணக்கு போடுகிற விதம்" என்று பதில் வந்தது. கணக்கு எப்படிப் போட்டாலும் என்ஜினின் வலு கூடாது. அதிலும் கருவிகளுக்கு வலுவைக் கொடுக்கப் பின்னால் சுழலும் பி.டி.ஓ. தண்டுக்கு வந்து சேர்வதற்குள் 10 முதல் 15 சதவீதம் குறைந்துவிடும். புல் வெட்டும் கருவிக்கு மிஞ்சுவது 17, 18 குதிரைவலுதான். அதோடு நீங்களே "பொருத்தமானது" என்று சொல்லி விற்ற ஐந்தடி ஸ்லாஷரை, அதாவது அந்தப் புல் வெட்டும் கருவியை, பூட்டினால், சரிவில் ஏறும்போது என்ஜின் திணறி நின்றுவிடுகிறது. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்ற வேண்டும். அந்தச் சுற்று குறைந்தால் அலகு புல்லை வெட்டாமல் மடக்கி அமுக்கிவிட்டுப் போகும். ஒரே இடத்தை இரண்டு தடவை வெட்டுகிறோம், டீசலும் இரண்டு மடங்கு போகிறது.

அடுத்தது, என்னை உண்மையில் பயமுறுத்திய விடயம். பின்னால் கருவியை மாட்டித் தூக்கும் மூன்று புள்ளி இணைப்பின் வலது கீழ்க் கையைத் தாங்கும் இரும்புப் பட்டை, சட்டத்தோடு வெல்டிங் செய்த இடத்தில் வெடித்துவிட்டது. கல்லில் மோதவுமில்லை, அளவுக்கு மீறிப் பாரம் தூக்கவுமில்லை. ஸ்லாஷரைத் தூக்கித் திருப்பும்போது ஒரு பக்கம் சரிந்து தொங்கியது. ஓட்டுநர் அருகிலுள்ள தோட்டத்துப் பையன், கெட்டிக்காரன், உடனே தண்டை நிறுத்தியதால் ஒன்றும் ஆகவில்லை. "அம்மா, பெயின்டுதான் ஒட்டிக்கிட்டு இருந்திருக்குங்க" என்று போனில் சொன்னான். நான் போய்ப் பார்த்தபோது அவன் சொன்னது சரியாகவே இருந்தது. வெல்டிங் உலோகம் பட்டைக்குள் இறங்காமல் மேலே படிந்திருக்கிறது, உடைந்த முகத்தில் பாதிக்கு மேல் உருகவே இல்லை. அதன் மேல் தடிப்பாகப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். படங்களை இத்துடன் இணைத்திருக்கிறேன். இடது பக்கப் பட்டையும் அதே கையால் செய்ததுதானே? அதை எப்படி நம்புவது?

பி.டி.ஓ. தண்டுக்கு மேல் மூடி இல்லை. 540 சுற்று என்றால் ஒரு விநாடிக்கு ஒன்பது சுற்று. சாரத்தின் ஓரமோ சேர்ட்டின் கையோ அதில் சிக்கினால் ஆளை இழுத்துவிடும், கையை உதற நேரம் இருக்காது. விளம்பரத் தாளின் படத்தில் மஞ்சள் மூடி தெளிவாகத் தெரிகிறது. எனக்கு வந்த இயந்திரத்தில் அது இல்லை. கேட்டதற்கு "அது எக்ஸ்ட்ரா" என்றார்கள். பாதுகாப்பு மூடியை எக்ஸ்ட்ரா என்று விற்பதை நான் ஏற்கவில்லை.

இயந்திரம் புரண்டால் ஓட்டுநரைக் காக்கும் வளைவுக் கம்பியான ரோல் பாரும் அப்படித்தான். அது பின் ஆக்சில் உறையிலோ சட்டத்திலோ பூட்டப்பட்டிருக்க வேண்டும். இயந்திரம் புரண்டால் அதன் முழு எடையையும் தாங்க வேண்டியது அந்த வளைவுதான். உங்கள் ஆட்கள் அதை மட்கார்ட் தகட்டில் நான்கு போல்ட் போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். தகடு கையால் அழுத்தினாலே அசைகிறது. இருக்கைப் பட்டியும் இல்லை. பட்டி இல்லாவிட்டால் புரளும்போது ஓட்டுநர் இருக்கையிலிருந்து வெளியே வீசப்பட்டு, காப்பாற்ற வைத்த அந்தக் கம்பிக்கே அடியில் போய்விடுவார். மட்டமான வயலில் ஓடும் இயந்திரமென்றாலும் இது பிழை. எங்களுடையது சரிவான காணி என்பதை வாங்கும்போதே சொல்லியிருந்தேன், உங்கள் விலைக்கூறலில் அது எழுத்திலும் இருக்கிறது. வேறொரு வீட்டுப் பிள்ளையை அந்த இருக்கையில் ஏற்றி அனுப்ப என்னால் முடியாது. ஆகையால் இயந்திரத்தை நிறுத்தி வைத்திருக்கிறோம்.

பின் ஆக்சிலின் இடது பக்கம் எண்ணெய் கசிந்தது, ஹைட்ரோலிக் தூக்கி வைத்தது மெல்ல மெல்ல இறங்குகிறது. இவை எந்த இயந்திரத்திலும் வரக்கூடியவை, பெரிதாக்கவில்லை. ஆனால் இவற்றைத் திருத்தப் போனபோதுதான் உண்மையான பிரச்சினை தெரிந்தது.

உங்கள் மெக்கானிக் வருவார் வருவார் என்று காத்திருந்து, பிறகு நானே பஞ்சிகாவத்தைக்குப் போனேன். பழைய உதிரிப்பாகக் கடைக்காரர் ஒருவர் கேட்ட முதல் கேள்வி, "என்ஜின் யாருடையது, மாடல் இலக்கம் என்ன?" தகட்டில் வலுவும் சுற்றும் மட்டும் இருக்கின்றன. தயாரித்தவர் பெயர் இருந்த இடம் தேய்க்கப்பட்டு, மேலே உங்கள் ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருக்கிறது. கசிவைத் தடுக்கும் எண்ணெய் சீலைக் கழற்றிக் கொண்டுபோனதால், அதில் பொறித்திருந்த உள் விட்டம், வெளி விட்டம், தடிப்பு இலக்கங்களை வைத்து அவர் ஒன்றைத் தேடிக் கொடுத்தார். எரிபொருள் வடிகட்டியையும் புரியை அளந்து பொருத்தினார். ஆனால் கிளட்ச் தட்டுக்குப் பற்களின் எண்ணிக்கை வேண்டும், இன்ஜெக்டர் பம்புக்கு மாடல் இலக்கம் வேண்டும் என்று கையை விரித்துவிட்டார். நாளைக்கு இவற்றில் ஒன்று பழுதானால் நான் எங்கே போவது?

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்கிறேன். என்ஜினை ஒரு நாட்டிலிருந்தும் கியர் பெட்டியை இன்னொரு நாட்டிலிருந்தும் எடுத்து, சட்டத்தையும் தகட்டு வேலையையும் இங்கே செய்து பூட்டுவதில் எந்த வெட்கமும் இல்லை. உலகம் முழுக்கச் சிறு உற்பத்தியாளர்கள் அப்படிச் செய்கிறார்கள். அதை மறைக்கும்போதுதான் வாங்கியவர் மாட்டிக்கொள்கிறார். எந்தப் பாகம் யார் செய்தது, அதன் இலக்கம் என்ன என்று ஒரு புத்தகம் கொடுத்தால், உங்கள் நிறுவனம் நாளைக்கு மூடப்பட்டாலும் என் இயந்திரம் ஓடும். அந்தப் புத்தகம் இல்லாவிட்டால், சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்டு வீட்டை விற்றது போலத்தான்.

உங்கள் முகாமையாளரிடம் இதைக் கேட்டேன். "அது கொம்பனி இரகசியம், அதோடு வெளியே யாராவது கழற்றினால் வாரண்டி போய்விடும்" என்றார். நீங்களும் வர மாட்டீர்கள், மற்றவரும் தொடக்கூடாது என்றால் அந்த ஒரு வருட வாரண்டி எதற்கு? எண்ணெய் சீல் மாற்றியதை வைத்து இப்போது வாரண்டியை மறுக்கப் போவதாகவும் அவர் சொன்னார். நான் எழுத்தில் கேட்டு, பதில் இல்லாத நிலையில்தான் அதை மாற்றினேன். அந்த வாட்ஸ்அப் செய்திகள் பார்க்கப்பட்டதற்கான அடையாளத்தோடு என்னிடம் இருக்கின்றன.

இன்னொன்று. பற்றுச்சீட்டில் எழுதியுள்ள என்ஜின் இலக்கமும் பிளாக்கில் பொறித்துள்ள இலக்கமும் ஒன்றாக இல்லை, கடைசி இரண்டு எண்கள் வேறு. எழுத்துப் பிழையாகவே இருக்கலாம். ஆனால் இப்படியே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குக் கொண்டுபோனால் பதிவு செய்ய முடியாது, பதிவில்லாமல் வீதியில் இறக்கவும் முடியாது. காணியின் இரண்டு துண்டுகளுக்கும் நடுவே வீதிதான் இருக்கிறது.

நான் கேட்பது இவைதான். வெடித்த பட்டையையும் மற்றப் பக்கத்தையும் புதிதாகச் செய்து, வெல்டிங்கைப் பரிசோதித்துப் பூட்டித் தர வேண்டும், இருந்ததன் மேலேயே ஒட்டுப் போட்டுத் தந்தால் ஏற்க மாட்டேன். ரோல் பாரை ஆக்சில் உறையில் பொருத்தி இருக்கைப் பட்டியும் தண்டு மூடியும் கட்டணமின்றித் தர வேண்டும். சரியான இலக்கத்தோடு பற்றுச்சீட்டைத் திருத்தித் தர வேண்டும். என்ஜின், கியர் பெட்டி, கிளட்ச், ஹைட்ரோலிக் பம்பு ஆகியவற்றின் தயாரிப்பாளர் பெயரும் மாடல் இலக்கமும் அடங்கிய உதிரிப்பாகப் பட்டியலைத் தர வேண்டும். தமிழிலோ சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கட்டும், இலக்கங்கள் சரியாக இருந்தால் போதும். 25 குதிரைவலுவுக்கு வாங்கிய பணத்தில் 20க்கு மேற்பட்ட பகுதியைத் திருப்பித் தருவது பற்றிப் பேச நான் தயார். இவற்றைச் செய்ய முடியாவிட்டால், ஸ்லாஷரையும் சேர்த்து இயந்திரத்தை உங்கள் செலவில் எடுத்துக்கொண்டு முழுத் தொகையையும் வங்கிக் கணக்குக்குத் திருப்பி அனுப்புங்கள்.

இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் எழுத்தில் பதிலை எதிர்பார்க்கிறேன். தொலைபேசிப் பதிலை இனி ஏற்க மாட்டேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருள் பற்றிய முறைப்பாட்டை விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். அந்தக் காலம் முடியும்வரை என்னை இழுத்தடிக்க இடம் தர மாட்டேன். முறைப்பாட்டுக் கடிதம் தயாராக இருக்கிறது. உங்கள் பதில் வராவிட்டால் 15ஆம் நாள் அதை வொக்ஸ்ஹோல் வீதியிலுள்ள அதிகார சபை அலுவலகத்தில் நேரில் கையளிப்பேன். பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின் கீழ் எனக்குள்ள உரிமைகளைப் பற்றி ஒரு சட்டத்தரணியிடமும் பேசியிருக்கிறேன்.

இயந்திரம் காணியிலுள்ள கொட்டகையில் அப்படியே மூடி வைக்கப்பட்டிருக்கிறது. உங்கள் பொறியியலாளர் வருவதென்றால் முதல் நாள் அறிவித்தால் போதும், தம்பி அங்கே இருப்பான். வெடித்த பட்டையை அவர் பார்க்கும்வரை யாரும் தொட மாட்டார்கள்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,

(கையொப்பம்)
வெள்ளவத்தை, கொழும்பு 06.

இணைப்பு: விலைக்கூறல், பற்றுச்சீட்டு, வாரண்டி அட்டை ஆகியவற்றின் பிரதிகள்; என்ஜின் தகடு, வெடித்த வெல்டிங், ரோல் பார் ஆகியவற்றின் படங்கள்; வாட்ஸ்அப் செய்திகளின் அச்சுப் பிரதி.