தேன் போடாதே, வித்யா

அன்புள்ள வித்யாவுக்கு, அம்மா எழுதுவது.

பாட்டிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாய் முடிந்தது. மாம்பலத்தில் இரண்டு நாளாய் மழை. மற்றதெல்லாம் அப்புறம். நீ அனுப்பிய ஆபீஸ் மேசைப் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன். ஃபிளாஸ்க், பக்கத்திலேயே தேன் பாட்டில். "க்ரீன் டீ பல்லுக்கு நல்லதாமே" என்று கேட்டிருந்தாய்.

நல்லதுதான். பல்லை அரிக்கிற ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் கிருமி சர்க்கரையைப் பசையாக்கிப் பல்மேல் ஒட்டிக்கொள்ளும். டீயிலுள்ள கேட்டச்சின்கள் என்கிற துவர்ப்புப் பொருள்கள் அந்தப் பசையைச் செய்கிற நொதியைத் தடுக்கும். தேயிலையில் ஃப்ளோரைடும் உண்டு. ஆனால் அந்தத் தேன்! அதிலிருந்து பசை அவ்வளவாக வராவிட்டாலும், அதைத் தின்று கிருமி அமிலம் விடும். பிஹெச் எண் குறையக் குறைய அமிலம் அதிகம்; பல்மேல் அது 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரைய ஆரம்பிக்கும். எச்சில் அதைச் சரிக்கட்ட அரை மணி நேரமாவது வேண்டும். பத்து நிமிஷத்துக்கு ஒரு வாய் குடித்துக்கொண்டே இருந்தால் அதற்கு ஏது அவகாசம்?

கசக்கிறது என்பாய். தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டால் கசக்கத்தான் செய்யும், கசந்தால் தேன் கேட்கும். பாத்திரத்தின் அடியில் சின்னச் சின்னக் குமிழி கிளம்பும்போதே, 80 டிகிரி வாக்கில், இறக்கிவிடு. 200 மில்லிக்கு 2 கிராம் இலை. இரண்டு நிமிஷத்தில் வடிகட்டு, ஃபிளாஸ்கில் இலையோடு ஊற வைக்காதே. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குடி, இல்லாவிட்டால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. உன் ஹீமோகுளோபின் கதை நமக்குத் தெரியாதா! கடைசி வாயை அரை நிமிஷம் வாயிலேயே சுழற்றி விழுங்கு. ராத்திரி பிரஷ் செய்ததும் நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காதே. பேஸ்டிலுள்ள ஃப்ளோரைடு பல்லில் தங்கட்டும். தேன் மட்டும் போடாதே.

நீ டீம் லீட் ஆனதை எதிர்வீட்டு மாமிவரை சொல்லியாச்சு. சொன்னவளுக்கு மூன்று வாரமாய் ஒரு ஃபோன் இல்லை. போன வீடியோ காலில் இட்லியைக்கூட இடது பக்கமே மென்றாய்.

பொதுவாகத்தான் சொல்கிறேன். ஜில்லென்று பட்டு உடனே போய்விடும் கூச்சம் வேறு. சூடு பட்டு வலி நிமிஷக்கணக்கில் நின்றால், தூக்கத்தில் எழுப்பினால், சொத்தை நரம்புவரை போயிருக்கும். அதற்கு டீயும் ஆகாது, கிராம்பும் ஆகாது.

பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே உன்னைத் தூங்கப்போட்டவள் நான். ஊருக்கெல்லாம் பல்லைப் பற்றிச் சொல்கிறவள், "விழுகிற பல்தானே" என்று உன் கடைவாய்ப் பால் பல்லை அடைக்காமல் பிடுங்க விட்டேன். அந்த இடம் காலியானதால்தான் ஆறு வயசில் முளைத்த பல் முன்னால் சாய்ந்தது. அந்த இடுக்கில்தான் உனக்கு எப்போதும் சோறு சிக்கும். அங்கே டீ வேலை செய்யாது. ஃப்ளாஸ் நூல்தான் நுழையும்.

கீழ் வரிசை, வலது பக்கம். டார்ச் அடித்துக் கண்ணாடியில் பார். கறுப்பாய்த் தெரிந்தால் தீபாவளிக்கு இங்கே வரும்வரை தள்ளாதே, அங்கேயே எக்ஸ்ரே எடுத்து எனக்கு அனுப்பு. தெரியாவிட்டாலும் ஃபோன் பண்ணு.

அம்மா