அம்மாடி, கட்டிலின் உயரம் என்ன?

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய மூன்று தொட்டில் படங்களையும் பார்த்துவிட்டேன். பார்த்து ஆறு நாளாகிறது. நான் வாட்ஸ்அப்பில் எழுதிய அத்தனைக்கும் நீ ஒரு கட்டைவிரலோடு நிறுத்திக்கொண்டாய். பிள்ளை பெற்று 19 நாள் ஆனவளிடம் பதில் கேட்டு நச்சரிக்கக் கூடாதுதான். ஆனாலும் தொட்டில் விஷயம் தள்ளிப்போடுகிற விஷயம் இல்லை. அதனால் உட்கார்ந்து நீளமாகவே எழுதுகிறேன். ஒரே மூச்சில் படிக்க வேண்டாம், பிள்ளை தூங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் படி.

முதல் படத்தில் இருக்கிற தொட்டில் பார்க்க அழகு. சுற்றிலும் பஞ்சு வைத்துத் தைத்த தடுப்பு, ரிப்பன் முடிச்சு. வேண்டாம். அந்தப் பஞ்சில் பிள்ளை முகத்தைப் புதைத்துக்கொண்டால் தலையைத் திருப்பி விலகிக்கொள்ள அதற்குத் தெரியாது. அமெரிக்காவில் 2022-ல் சட்டம் போட்டே இந்த மாதிரிப் பஞ்சுத் தடுப்புகளை விற்க விடாமல் செய்துவிட்டார்கள். இரண்டாவது தொட்டிலில் தலைப்பக்கத்தை உயர்த்திவைக்கலாம், பால் கக்காது என்று போட்டிருக்கிறது. அதுவும் வேண்டாம். பச்சைப் பிள்ளைக்குத் தலைதான் கனம், கழுத்து நிற்காது. சரிவில் படுத்தால் தாடை நெஞ்சில் போய் அழுந்தி மூச்சு அடைபடும். 10 டிகிரிக்கு மேல் சரிந்த தூங்கும் சாமான்களுக்கும் அதே சட்டத்தில் தடை இருக்கிறது. பால் கக்குகிற பிள்ளையாக இருந்தாலும் சமமான இடத்தில் மல்லாக்கத்தான் படுக்க வேண்டும்.

மூன்றாவதை வாங்கு. ‘இது ரொம்ப சாதாரணமா இருக்குப்பா’ என்று அதற்குக் கீழே எழுதியிருந்தாய். எனக்கு அதில் பிடித்ததே அதுதான். மூன்று பக்கமும் வலைத்துணி, காற்று போய்வரும். நான்காவது பக்கத்தின் ஜிப்பைத் திறந்து இறக்கிவிட்டால் உன் மெத்தையும் பிள்ளையின் மெத்தையும் ஒட்டிக்கொள்ளும். தையல் போட்ட வயிற்றை வைத்துக்கொண்டு நீ எழுந்து குனிய வேண்டாம். ஒருக்களித்துப் படுத்தபடியே கையை நீட்டி இழுத்துக்கொள்ளலாம். குடித்து முடித்ததும் அவன் இடத்தில் அவனை விட்டுவிடலாம். உனக்குப் பக்கத்திலும் இருப்பான், உன் போர்வைக்கும் தலையணைக்கும் எட்டாமலும் இருப்பான்.

ஆனால் இந்தச் சாமானில் எல்லாமே பொருத்துவதில்தான் இருக்கிறது. முப்பது வருஷம் வரைபடப் பலகை முன்னால் மில்லிமீட்டரோடு உட்கார்ந்தவன் சொல்கிறேன், இடைவெளிதான் எமன். தொட்டில் மெத்தையின் மேல்மட்டமும் உன் மெத்தையின் மேல்மட்டமும் கையேட்டில் சொன்ன அளவில் நிற்க வேண்டும். நடுவில் விரல் போகக் கூடாது. அதோடு வரும் பட்டைகளைக் கையேட்டில் சொன்னபடியே கட்டிலோடு இறுக்கு. இறுக்கியதோடு விட்டுவிடாதே. தினமும் படுக்கப்போகும் முன் தொட்டிலை வெளிப்பக்கமாக ஒருதரம் இழுத்துப் பார். அசைந்தால் பட்டை தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். இடைவெளி தெரிகிறதே என்று துணியைச் சுருட்டித் திணிக்காதே, பட்டையைத்தான் இறுக்க வேண்டும். அப்புறம், அடியில் இழுப்பறை வைத்த கட்டில் என்றால் தொட்டிலின் கால் உள்ளே போகாது. உங்கள் கட்டில் எப்படி என்று எனக்கு நினைவில்லை.

அதனால்தான் உயரம் கேட்டேன். நான்கு தரம் கேட்டுவிட்டேன்.

மெத்தை தொட்டிலோடு வந்ததாகவே இருக்கட்டும். மெல்லிசாக இருக்கிறதே என்று பரிதாபப்பட்டு இன்னொன்றை மேலே போடாதே. உள்ளங்கையை வைத்து அழுத்தி எடு, பள்ளம் அப்படியே நிற்கக் கூடாது. மெத்தைக்கும் தொட்டிலின் ஓரத்துக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் இடம் இருந்தால் அந்த மெத்தை அதற்கு உரியது இல்லை. இழுத்து மாட்டும் விரிப்பு ஒன்று, அதன்மேல் பிள்ளை. வேறெதுவும் வேண்டாம். அம்மா பின்னிக்கொண்டிருக்கிற போர்வை முடியப்போகிறது. அதை மடியில் வைத்திருக்கும்போது போர்த்து, தொட்டிலுக்குள் போடாதே. அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன், நீ சொன்னால் அவள் முகம் வாடிவிடும். பிள்ளை புரளவோ கையை ஊன்றி நெஞ்சைத் தூக்கவோ ஆரம்பித்தால் இந்தத் தொட்டிலுக்கு வேலை முடிந்தது. ஐந்தாறு மாதம்தான், அப்புறம் பெரிய தொட்டில்.

இதெல்லாம் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீ எதையும் கையேடு படித்துச் செய்கிறவள். எட்டாம் வகுப்பில் அந்த மின்விசிறியைப் பிரித்து மாட்டினாயே, பெரியத்தை வந்திருந்த சமயம். ஒரு திருகு மிஞ்சிப்போனதற்காக ராத்திரி பதினொன்றரைக்கு மறுபடி முழுதும் பிரித்தாய். அதை நான் ஆபீஸில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். ஆனால் உனக்கு இன்னொரு குணமும் இருக்கிறது அம்மாடி. வலித்தால் சொல்ல மாட்டாய். கை எலும்பில் விரிசல் விட்டு மூன்று நாள் முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள் நீ. இப்போதும், நாங்கள் கிளம்பி வருகிறோம் என்றால் ‘வேண்டாம்பா, சமாளிச்சுக்கிறேன்’ என்கிறாய். யார் உன்னைச் சமாளிக்கச் சொன்னார்கள்?

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேரனைக் காட்டினாய். உனக்குப் பின்னால் சோபாவில் உன் தலையணை இருந்தது. மடித்த போர்வை இருந்தது. தரையில் தண்ணீர் பாட்டில், சுவரில் போன் சார்ஜர். ஒரு ராத்திரிக்கு மட்டும் அங்கே வந்த தலையணையாக எனக்குத் தெரியவில்லை. அம்மா கவனிக்கவில்லை, அவளுக்குப் பேரன் முகத்தைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. நான் எதுவும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. மாப்பிள்ளைக்குக் காலையில் வேலை, தூக்கம் கெடக் கூடாது என்று நீயாகவே முடிவு செய்திருக்கலாம். உங்கள் வீட்டு ஏற்பாடு உங்களுடையது.

சோபாவைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலைப் படித்தேன். பிள்ளையோடு சோபாவிலோ மெத்து நாற்காலியிலோ தூங்கிப்போனால், தூக்கத்தில் பிள்ளை இறந்துபோகும் அபாயம் 67 மடங்கு வரை கூடுகிறதாம். இந்த எண்ணைப் படித்த அன்றைக்கு என்னால் சாப்பிட முடியவில்லை. பால் கொடுக்கும்போது கண் சொருகும் என்று தோன்றினால் சோபாவில் உட்காராதே. கட்டிலுக்குப் போ, தலையணை போர்வையைத் தள்ளிவைத்துவிட்டு அங்கே கொடு. தவறித் தூங்கினாலும் சோபாவைவிடக் கட்டில் ஆபத்துக் குறைவு என்று அவர்களே சொல்கிறார்கள். விழிப்பு வந்த நொடியில் பிள்ளையைத் தொட்டிலுக்கு மாற்றிவிடு. ஆறு மாதமாவது பெற்றோர் அறையிலேயே, ஆனால் தனி மெத்தையில். முதல் நாலு மாதம்தான் மிகமிகக் கவனமாக இருக்க வேண்டிய காலம். சோபா வேண்டாம். சொன்னதையே சொல்கிறேன் என்று நினைக்காதே, சோபா மட்டும் வேண்டாம்.

எனக்கு ஏன் இந்தப் பயம் என்று உனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது.

உனக்கு அப்போது ஒரு மாதம் முடிந்திருந்தது. நான் அடுத்த அறையில் படுத்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா என்னைப் போகச் சொல்லவில்லை. ஆபீஸ், சீக்கிரம் எழ வேண்டும் என்று சொல்லிவிட்டு நானாகத்தான் தலையணையைத் தூக்கிக்கொண்டு போனேன். அவள் சரியென்று தலையாட்டினாள். ராத்திரியில் ஐந்தாறு தரம் எழுந்தவள் அவள், காலையில் ‘நல்லா தூங்கினீங்களா’ என்று என்னைக் கேட்டவளும் அவள்தான். ஒருநாள் அவளுக்கு நல்ல காய்ச்சல். நீ அழுதுகொண்டே இருந்தாய். நான் பார்த்துக்கொள்கிறேன், நீ தூங்கு என்று உன்னை வாங்கிக்கொண்டு வந்து கூடத்துச் சோபாவில் சாய்ந்தேன். உன்னை நெஞ்சில் போட்டுக்கொண்டு, முதுகில் தட்டிக்கொண்டே.

எப்போது தூங்கினேன் என்று தெரியாது. விழித்தபோது நெஞ்சில் நீ இல்லை. என் முழங்கைக்கும் சோபாவின் முதுகுத் திண்டுக்கும் நடுவே வழுக்கி இறங்கியிருந்தாய். முகம் திண்டுக்குள் இருந்தது. உன் பிடரி மயிர் மட்டும் தெரிந்தது, வியர்வையில் ஒட்டிக்கொண்டு. இழுத்து எடுத்தேன். நீ அழவில்லை. எவ்வளவு நேரம் அழவில்லை என்று என்னால் சொல்ல முடியாது. அப்புறம் அழுதாய். உள்ளேயிருந்து அம்மா ‘என்னங்க’ என்றாள். ‘பசி போல’ என்றேன். இத்தனை வருஷமாக அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அன்றைக்கே தலையணையை எடுத்துக்கொண்டு உங்கள் அறைக்குத் திரும்பிவிட்டேன் என்று உனக்கு எழுத ஆசையாக இருக்கிறது. திரும்பவில்லை. பயந்துபோய் ராத்திரியில் உன்னைத் தூக்குவதையே விட்டுவிட்டேன். காய்ச்சல் விட்டும் விடாமலும் அவளேதான் எழுந்தாள். இன்னும் மூன்று மாதம் தனியாகவே எழுந்தாள். ஒருநாள் விடிகாலையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி, உன்னை மடியில் வைத்துக்கொண்டு கண்ணைத் திறக்க அவள் பாடுபட்டதைக் கதவு வழியாகப் பார்த்தேன். பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன். சோபாவில் நடந்ததைவிட இதுதான் இப்போதெல்லாம் எனக்கு அடிக்கடி நினைவு வருகிறது.

தொட்டில் கட்டிலோடு ஒட்டி இருந்தால், கட்டிலில் இருக்கிற இரண்டு பேர் காதிலும் பிள்ளையின் அழுகை விழும். நீ பால் கொடுத்தால் ஈரத்துணி மாற்ற இன்னொரு கை இருக்கும். நீ கண் அசந்தாலும் ‘பிள்ளையை அந்தப் பக்கம் விடு’ என்று சொல்ல ஒரு குரல் இருக்கும். இதை மாப்பிள்ளையிடம் சொல்ல எனக்கு வாய் இல்லை, நான் இருந்த லட்சணத்துக்கு. நீ சொல்லலாம். இந்தக் கடிதத்தை அவரிடம் காட்ட நினைத்தால் காட்டு, எனக்கு ஆட்சேபணை இல்லை.

சரி. தரையிலிருந்து மெத்தையின் மேல்மட்டம் வரை, சென்டிமீட்டரில் அனுப்பு. பழைய மெத்தை என்றால் ஓரம் அமுங்கியிருக்கும், அதனால் நடுவில் அளக்காதே, தொட்டில் ஒட்டப்போகிற ஓரத்தில் அள. டேப் கிடைக்காவிட்டால் ஒரு கயிற்றைப் பிடித்து முடிச்சுப் போட்டு ஸ்கேலில் வைத்துப் பார். கீழே இழுப்பறை இருக்கிறதா என்றும் ஒரு வரி. அளவு வந்த அன்றே தொட்டிலுக்குச் சொல்லிவிடுகிறேன்.

எந்த அறைக் கட்டில் என்று நான் கேட்கவில்லை. நீ எந்தக் கட்டிலில் படுப்பாயோ, அதை அளந்து அனுப்பு.

அப்பா