நீங்கள் தறியைப் பார்த்துக்கொண்டீர்கள், நான் தேர்தலில் நின்றேன்

எல்லோருக்கும் வணக்கமுங்க.

இந்த 2021 சட்டமன்றத் தேர்தலில் ஓட்டு எண்ணி முடித்த மறுநாளே வீடு வீடாக வந்து கையெடுத்துக் கும்பிட்டிருக்க வேண்டும். அதற்குள் கொரோனா தொற்று அதிகமாகி, மே 10ஆம் தேதி ஊரடங்கும் வந்துவிட்டது. இன்று ஜூன் மாதம் பாதி கடந்த பிறகும் நம் நாமக்கல் மாவட்டத்தில் கெடுபிடி அதிகம் தளரவில்லை. இன்னும் காத்திருந்தால் நன்றி ஆறிப்போய்விடும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும். என் அப்பா கைத்தறி நெய்தவர். நான் சின்ன வயதில் தார் சுற்ற, அதாவது ஊடை நூலைக் குச்சியில் சுற்றப் போய், பிறகு விசைத்தறி ஓட்டக் கற்றுக்கொண்டேன். இன்றைக்கும் மீட்டர் கூலிக்குத்தான் ஓட்டுகிறேன். சொந்தத் தறி கிடையாது. பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு பக்கத்தில் என்னைப் போல ஆயிரக்கணக்கான பேர் இருக்கிறோம். எங்கள் ஓட்டைக் கேட்டு எல்லாக் கட்சியும் வரும். எங்களில் ஒருவரை நிறுத்த மட்டும் யாருக்கும் மனசு வராது. அதனால்தான் 2021 சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நின்றேன்.

முதல் நன்றி என் பட்டறைக்காரர்களுக்கு. தறி ஓட்டினால்தான் கூலி. வேட்பாளருக்குச் சம்பளத்தோடு விடுமுறை தருகிற ஏற்பாடெல்லாம் நமக்குக் கிடையாது. சின்னம் ஒதுக்கியது மார்ச் 22ஆம் தேதி. பிரசாரம் முடிந்தது ஏப்ரல் 4ஆம் தேதி மாலை 7 மணிக்கு. அந்த இரண்டு வாரமும் என் தறிகளை நீங்கள் பங்கு போட்டுக்கொண்டீர்கள். ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, எனக்காகப் பகலிலும் நின்றீர்கள். அந்த வாரக் கூலியை மேஸ்திரி அண்ணன் ஒரு கவரில் போட்டு என் வீட்டில் கொடுத்திருக்கிறார். “இது என்னங்க?” என்று என் மனைவி கேட்டதற்கு, “தறி ஓடுச்சுல்ல, அதுக்குங்க” என்று மட்டும் சொல்லியிருக்கிறார். ஓட்டினது யார் என்று எனக்குத் தெரியும். முன்பணப் பாக்கி இருந்தும் ஒரு வார்த்தை தடுத்துப் பேசாத முதலாளிக்கும் என் வணக்கம்.

அடுத்து, ரிட்டயரான நம் தலைமையாசிரியர் ஐயா. சுயேச்சைக்குத் தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். படிவம் 26 என்கிற பிரமாண வாக்குமூலத்தில் சொத்து, கடன், வழக்கு எல்லாவற்றையும் பத்தி பத்தியாக எழுதி, நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு கட்டத்தைக் காலியாக விட்டாலும் பிரச்சினை. வாத்தியார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நிரப்பினோம். பட்டறையில் வாங்கிய முன்பணத்தையும் கடனில் காட்ட வேண்டுமா என்று கேட்டேன். “கடன் கடன்தான், எழுதப்பா” என்றார். எழுதினேன். என்னைப் பற்றி ஊருக்கு எது தெரியாமல் போனாலும், எவ்வளவு கடன் இருக்கிறது என்பது தெரிந்துதான் ஓட்டுப் போட்டீர்கள்.

டெபாசிட் பத்தாயிரம் ரூபாயை மகளிர் குழு அக்காக்களும் டீக்கடை அண்ணனும் முடிதிருத்தும் தம்பியும் சேர்ந்து திரட்டினீர்கள். வாரத் தவணை கட்டவே திணறுகிற வீடுகளிலிருந்து வந்த பணம் அது. செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கியிருந்தால்தான் திரும்பக் கிடைத்திருக்கும். கிடைக்கவில்லை. பத்து நாள் கழித்து ஒரு அக்காவிடம் அதைச் சொன்னபோது, “கோயிலுக்குக் கொடுத்தா திருப்பியா கேட்போம்?” என்றார். அந்த வார்த்தைக்கு நான் கடைசி வரை கடன்பட்டிருக்கிறேன்.

முன்மொழிந்த பத்துப் பேரில் ஒருவரைத் தனியாகச் சொல்ல வேண்டும். செங்கொடிச் சங்கத்துத் தோழர். அவருக்கும் எனக்கும் பாதி விஷயத்தில் ஒத்துப்போகாது. கோயில், குடும்பம், சிக்கனம் என்று நான் பேசினால் அவர் கூலி, போனஸ், பி.எஃப். என்று பேசுவார். “உங்க கொள்கை எனக்கு ஆகாதுங்க. ஆனா தறி ஓட்டுறவன் பேரு அந்த மெஷின்ல இருக்கணும்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அரசியலில் இவ்வளவு கண்ணியத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

என் கொள்கை என்ன என்று வாசல் வாசலாகக் கேட்டீர்கள். நின்று கேட்டதற்கே நன்றி. தி.மு.க. பக்கம் குடும்பத் தலைவிக்கு மாதம் ஆயிரம், அ.தி.மு.க. பக்கம் ஆயிரத்து ஐந்நூறும் வாஷிங் மெஷினும் என்று போட்டி நடந்த நேரம். நான் எதையும் தருவதாகச் சொல்லவில்லை. வீட்டில் வரவைப் பார்த்துத்தானே செலவு செய்கிறோம், அரசாங்கமும் அப்படி நடக்கட்டும் என்றேன். 2022 மார்ச் முடிவில் மாநிலத்தின் கடன் 5.70 லட்சம் கோடி ரூபாயாக இருக்கும் என்று பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டிலேயே சொன்னார்கள். அதைத் தீர்க்கப் போவது நம் பிள்ளைகள். விசைத்தறிக்கு இந்த 2021இல் இரண்டு மாதத்துக்கு 750 யூனிட் இலவச மின்சாரம் வருகிறது, அது தொழிலைக் காப்பாற்றுகிறது, இருக்கட்டும். இதற்கு மேல் இலவசத்தைக் கூட்டுவதைவிட, நூல் விலை நிலையாக நின்று தறி நிற்காமல் ஓடினால் போதும் என்பதுதான் என் வாதம்.

கோயில் விஷயத்தையும் மறைக்கவில்லை. அறநிலையத் துறையின் கீழ் 44,000க்கும் மேற்பட்ட கோயில்களும் மடங்களும் இருக்கின்றன. பெரிய கோயில்களுக்கு அதிகாரி வேண்டும் என்றால் சரி. ஒரு கால பூஜைக்கே எண்ணெய் பார்த்து ஊற்ற வேண்டிய சின்னக் கோயில்களை அந்தந்த ஊரார் கணக்கு எழுதி, எல்லோருக்கும் காட்டி நடத்தட்டும் என்று கேட்டேன். இதைச் சொன்னதும் சில இளைஞர்கள் என்னைப் பழமைவாதி என்றார்கள். அதில் எனக்கு வருத்தமே இல்லை. பெரியவர்கள் நமக்கு விட்டுப்போனதில் காப்பாற்ற வேண்டியது நிறைய இருக்கிறது என்று மனசார நம்புகிறேன்.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் நான் வைத்தது மதுக்கடையைத்தான். நம் மண்ணுக்கு அது புதுப் பேச்சு இல்லை. ராஜாஜி 1925இல் ஆசிரமம் வைத்தது திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில். சென்னை மாகாண ஆட்சிக்கு வந்ததும் 1937 அக்டோபர் 1ஆம் தேதி அவர் முதன்முதலில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில், அதாவது அப்போது அதற்குள் இருந்த நம் ஊர்களில்தான். வருமானம் போய்விடுமே என்றவர்களுக்கு 1939இல் விற்பனை வரி போட்டுப் பதில் சொன்னார். அந்த விற்பனை வரி நிலைத்துவிட்டது, மதுவிலக்குதான் 1971இல் போய்விட்டது. இடையில் திரும்ப வந்தும் நிற்கவில்லை. 2003இலிருந்து அரசே சில்லறை மதுக்கடை நடத்துகிறது. 2019-20இல் மட்டும் அதில் அரசுக்கு 33,000 கோடி ரூபாய்க்கு மேல் வருமானம். அந்தப் பணம் எந்தச் சட்டைப் பையிலிருந்து போகிறது என்று சனிக்கிழமை கூலி வாங்கும் வீடுகளுக்குத் தெரியும். சேலம் மாவட்டத்துக் காந்தியவாதி சசிபெருமாள் ஐயா 2015 ஜூலை 31ஆம் தேதி மதுக்கடைக்கு எதிரான போராட்டத்திலேயே உயிரை விட்டார். அவர் பெயரைச் சொன்ன இடங்களில் எல்லாம் பெண்கள் கதவைத் திறந்து வெளியே வந்து நின்று கேட்டீர்கள். கூட்டம் சேர்க்க என்னிடம் பணம் இல்லை. சேர்ந்த கூட்டமெல்லாம் நீங்களாக வந்ததுதான்.

பிரசாரத்துக்கு ஆட்டோ கொடுத்து, டீசலுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்ட தம்பிக்கு நன்றி. வெயிலில் கூடவே நடந்த என் மச்சானுக்கும் தங்கச்சிகளுக்கும் நன்றி. மைக் கோளாறானபோது இறங்கி வந்து சரிசெய்து கொடுத்த எதிரணித் தம்பி, உன் கட்சியில் உனக்குச் சங்கடம் வரக்கூடாது என்று பெயரை எழுதவில்லை. மாஸ்க்கும் கையுறையுமாகக் காலை 7 மணி முதல் ராத்திரி 7 மணி வரை சாவடியில் உட்கார்ந்திருந்த ஆசிரியர்களுக்கு ஊரே நன்றி சொல்ல வேண்டும். ஓட்டு எண்ணும் இடத்துக்குக் கொரோனா பரிசோதனைச் சான்றோ, இரண்டு தவணைத் தடுப்பூசியோ இல்லாமல் போக முடியாது என்றார்கள். எனக்காக மூக்கில் குச்சி விட்டுக்கொண்டு, வரிசையில் நின்று சான்று வாங்கி, கடைசிச் சுற்று வரை என் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டிருந்த ஏஜென்ட் தம்பிகளே, ஜெயிக்க மாட்டோம் என்று மத்தியானமே தெரிந்தும் நீங்கள் எழுந்து போகவில்லை.

அப்புறம் என் வீட்டுக்காரி. நான் ஊர் சுற்றிய நாளெல்லாம் தார் சுற்றிக் குடும்பத்தை ஓட்டியவர். நன்றி என்று நேரில் சொன்னால் சிரிப்பார். அதனால் இங்கே எழுதிவிட்டேன்.

தேர்தல் செலவுக் கணக்கை முடிவு வந்த முப்பது நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். கொடுத்துவிட்டோம். வெள்ளை, இளஞ்சிவப்பு, மஞ்சள் என்று மூன்று பகுதி உள்ள அந்தப் பதிவேட்டில் ஒவ்வொரு டீயையும், அதிகாரிகள் கொடுத்த விலைப்பட்டியல்படி, வாத்தியார் தன் கையால் எழுதினார். நகல் அவர் வீட்டில் இருக்கிறது. பணம் கொடுத்தவர் கொடுக்காதவர் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. ஜூன் 14ஆம் தேதி 27 மாவட்டங்களில் மதுக்கடையைத் திறந்துவிட்டார்கள். நம் மாவட்டத்தையும் சேர்த்து 11 மாவட்டங்களில் இன்னும் திறக்கவில்லை. நம் பட்டறையும் திறக்கவில்லை, கையில் கூலி இல்லை. அப்படியிருந்தும் இந்த ஒரு மாதம் வீட்டில் சண்டை சத்தம் இல்லை என்று எத்தனை அக்காக்கள் போனில் சொன்னீர்கள்! இங்கே திறக்கவே வேண்டாம் என்று கலெக்டருக்கு மனு எழுதியிருக்கிறோம். கூட்டமாக வர முடியாது. டீக்கடை அண்ணன் வீட்டுத் திண்ணையில் தாளும் பேனாவும் இருக்கும். ஒவ்வொருவராக, மாஸ்க் போட்டுக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.

உங்கள்,
தறிக்காரன்
நாமக்கல் மாவட்டம்
ஜூன் 2021