வாங்கும் முன் ரேம் வரியைப் பார்

தேவனாம்பட்டினம், கடலூர்

அன்புள்ள இளங்கோவுக்கு,

வொர்க்ஸ்டேஷன் கம்ப்யூட்டருக்கு நீ அனுப்பிய மூன்று கொட்டேஷனையும் பார்த்தேன். எல்லாவற்றிலும் கோர் எண்ணிக்கையைத்தான் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். நீ ஓட்டப்போவது ஃப்ளூயன்ட், காற்றும் நீரும் ஓடுவதைக் கணக்கிடும் சாஃப்ட்வேர். அதற்கு ரேமின் வேகம்தான் உயிர். ஏஎம்டியின் 96 கோர் சிபியு த்ரெட்ரிப்பர் புரோவுக்கும் மெமரி சேனல், அதாவது ரேமுக்குப் போகும் பாதை, எட்டுதான். ஒரு சேனலுக்கு 12 கோர் வரிசையில் நிற்கும். 32 கோர் எடு, மிச்சக் காசை ரேமில் போடு.

இரண்டாவது கொட்டேஷனில் 64 ஜிபி ரேம் நான்கு இருக்கிறது. அப்படி மாட்டினால் பாதி சேனல் சும்மா கிடக்கும். அதே 256 ஜிபியை 32 ஜிபியாக எட்டு கேள். ரெஜிஸ்டர்டு ஈசிசி (பிழையைத் தானே திருத்தும் சர்வர் வகை ரேம்) என்று எழுதி வாங்கு. சாதாரண டெஸ்க்டாப் ரேம் அந்த போர்டில் வேலை செய்யாது.

ஆப்பிளின் மேக் ஸ்டூடியோ மேல் உனக்கு ஆசை. நியாயமான ஆசைதான். அதில் வரும் எம்3 அல்ட்ரா சிப்பின் ரேம் வேகம் நொடிக்கு 819 ஜிபி. 7000 வரிசை த்ரெட்ரிப்பர் புரோ எட்டு சேனலும் நிறைந்தாலே சுமார் 333. ஆனால் ஃப்ளூயன்ட் மேக்கில் ஓடாது, நீ டிசைன் வரையும் சாலிட்வொர்க்ஸ் விண்டோஸை விட்டு வராது. 2023 மேக் புரோவில் ஸ்லாட் இருந்தும் கிராபிக்ஸ் கார்டை ஏற்காது. ரேமையும் பிறகு கூட்ட முடியாது. சிப், ஓஎஸ், பெட்டி எல்லாம் ஒரே கம்பெனி என்பது புதிதல்ல. 1990களில் சிலிக்கான் கிராபிக்ஸ், சன் என்ற இரண்டு வொர்க்ஸ்டேஷன் கம்பெனிகளும் அப்படித்தான் விற்றன. இன்டெலின் பென்டியம் புரோ சிப்பும் விண்டோஸ் என்டியும் மலிவாக வந்ததும் வாடிக்கையாளர்கள் அந்தப் பக்கம் போனார்கள். 2006இல் சிலிக்கான் கிராபிக்ஸின் சொந்த ஓஎஸ்ஸான ஐரிக்ஸ் ஓடும் மெஷின் விற்பனையே நின்றது.

சால்வருக்கு, அதாவது ஃப்ளூயன்ட் கணக்குப் போடும் வேலைக்கு, லினக்ஸ் போடு. சாலிட்வொர்க்ஸுக்குத் தனி எஸ்எஸ்டியில் விண்டோஸ். லினக்ஸில் கெர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) அப்டேட் ஆனதும் என்விடியா கிராபிக்ஸ் டிரைவர் ஏறாமல் திரை கறுத்துவிடலாம்; பழைய கெர்னலை அழிக்காதே. விண்டோஸ் அப்டேட் நள்ளிரவில் தானே ரீஸ்டார்ட் செய்யும், ஓடுகிற வேலை போய்விடும். எதில் ஓட்டினாலும் 100 இட்டரேஷனுக்கு (கணக்கின் சுற்றுக்கு) ஒருமுறை ஆட்டோசேவ் வை.

சிபியு 350 வாட், கிராபிக்ஸ் கார்டு 300, மற்றவை சேர்த்து 800 வாட் வரும். வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டாதே. ஸ்கொயர் வேவ் இந்த பவர் சப்ளைக்கு ஒத்துக்கொள்ளாது. பியூர் சைன் வேவ் யுபிஎஸ், 2 கேவிஏ வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டரில் 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் குழியை முதலில் சரிசெய்வோம். கடல் பக்கத்து ஜன்னலருகே பெட்டியை வைக்கக் கூடாது. உப்புக் காற்றில் கனெக்டர் பின்னில் பச்சை பூக்கும், ரேம் எர்ரர் அங்கிருந்துதான் தொடங்கும். உள் அறையை ஒழித்து வைக்கிறேன்.

திருத்திய கொட்டேஷனை அனுப்பு. ரேம் வரியைப் பார்த்துவிட்டு உடனே சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா