புழுக்கத்தையும் கணக்கில் கொண்டு வெப்ப எச்சரிக்கை வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்
மீன் விற்கும் பெண்கள் மற்றும் சுமை தூக்கும் தொழிலாளர்கள்,
காசிமேடு, சென்னை – 600 013.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
சிங்காரவேலர் மாளிகை, ராஜாஜி சாலை, சென்னை – 600 001.

பொருள்: ஈரப்பதத்தையும் சேர்த்து வெப்ப எச்சரிக்கை வழங்கவும், பணியிட வசதிகள் செய்து தரவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வெப்ப அலையை 2024ஆம் ஆண்டில் மாநிலப் பேரிடராக அரசு அறிவித்ததற்கு நன்றியுடையோம். ஆயினும் கடலோரத்தில் உழைக்கும் எங்களை அந்த அறிவிப்பு எட்டுவது அரிது. கடலோர ஊர்களில் வெயில் 37 டிகிரி செல்சியஸைத் தொடுவதுடன், இயல்பைவிட 4.5 டிகிரி கூடுதலாகவும் இருந்தால்தான் அது வெப்ப அலை. மே மாதத்தில் சென்னையின் இயல்பே 37 டிகிரியை ஒட்டி இருப்பதால், 41 டிகிரியைத் தாண்டும்வரை எங்கள் பாடு கணக்கில் வருவதில்லை.

வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். கடற்காற்று தாமதமாகும் நாள்களில், ஐஸ் கரைந்த நீரில் நின்று மீன் கூடை தூக்குவோரின் முழங்கையிலிருந்து சொட்டும் வியர்வை, உடம்பின் நீரையும் உப்பையும் கொண்டுபோகிறதே தவிர, சூட்டைத் தணிப்பதில்லை. தோலுக்கு இரத்தத்தை இறைத்து இறைத்து இதயம் களைக்கிறது. தலைசுற்றலும் தசைப்பிடிப்பும் வருகின்றன. உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைக் கடந்து நினைவு தடுமாறினால் உயிருக்கே ஆபத்து. 36 டிகிரி வெயிலுடன் 70 விழுக்காடு ஈரப்பதம் சேர்ந்தால் ஈரக்குமிழ் வெப்பநிலை (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும், வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்த அளவு) ஏறத்தாழ 31 டிகிரி ஆகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல உடல்நலமுள்ள இளைஞர்களுக்கே ஏறக்குறைய அந்த அளவில் உடல்வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறத் தொடங்கியது. எங்களில் பலர் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உள்ள, வயது முதிர்ந்த பெண்கள். கழிப்பிடம் அருகில் இல்லாத இடங்களில் அவர்கள் தாகத்தையே அடக்கிக்கொள்கிறார்கள் என்பதைத் தாங்கள் அவசியம் கவனிக்க வேண்டும்.

இரவிலும் ஈரப்பதம் கூடுவதால், ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடுகளில் உடல் ஆறுவதற்கு நேரமே கிடைப்பதில்லை.

எனவே, வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணித்த எச்சரிக்கையை வடசென்னைக்குத் தனியாக, முந்தைய நாள் மாலையிலேயே ஒலிபெருக்கி மூலம் அறிவிக்கவும், அத்தகைய நாள்களில் நண்பகல் சுமை வேலைக்கு இடையே நிழலில் ஓய்வு கிடைக்கச் செய்யவும், மீன் சந்தைகளில் குடிநீர், உப்பு-சர்க்கரைக் கரைசல், பெண்களுக்கான கழிப்பிடம் ஆகியவற்றை அமைத்துத் தரவும் பணிவுடன் வேண்டுகிறோம். இவற்றில் கழிப்பிடத்தை முதலில் கட்டித் தாருங்கள்.

இடம்: காசிமேடு

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள்