கூட்டம் இல்லாத கப்பல் தேடுகிறவர்களுக்கு: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன மே மாதக் கடைசியில் சிங்கப்பூரிலிருந்து நான்கு இரவு கப்பல் சுற்றுலா போய்வந்த முத்தியால்பேட்டை ஐயாவும் அம்மாவும், ஊர் திரும்பிய மறுவாரம் நம் புதுச்சேரி அலுவலகத்துக்கு வந்தார்கள். ஐயா ஓய்வுபெற்ற ஆசிரியர். வழக்கமாகப் போட்டோக்களைக் காட்டிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார். அன்று போனை எடுக்கவே இல்லை. அம்மாதான் சொன்னார்: "தீபாவளிக்கு முந்தின நாள் நேரு வீதியில நாலு நாள் நின்ன மாதிரி இருந்துச்சு தம்பி."

அந்தப் பயணத்தைப் பதிவு செய்து கொடுத்தவன் நான். "அமைதியா உட்கார்ந்து கடலைப் பார்க்கணும்" என்றுதான் அவர்கள் கேட்டிருந்தார்கள். நான் விலையைப் பார்த்தேன், பால்கனி இருக்கிறதா என்று பார்த்தேன். கப்பலில் எத்தனை பேர் ஏறுகிறார்கள், அது யாருடைய பள்ளி விடுமுறை என்று பார்க்கவில்லை. நம் பிள்ளைகளுக்கும் லீவு, மே கடைசியில் சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கும் லீவு தொடங்கிவிடும். காலை ஐந்தரைக்கே எழுந்துவிடும் ஐயா, மேல்தளத்துக்குப் போனால் நாற்காலிகளில் எல்லாம் துண்டு விரித்திருக்கும், ஆள் மட்டும் இருக்காது. லிஃப்ட் திறக்கும், உள்ளே நிற்க இடம் இருக்காது, மூடிக்கொள்ளும். எல்லாவற்றையும்விட மோசம், அவர்கள் அறைக்கு நேர் மேலே நீச்சல் குளத் தளம். இரவு பன்னிரண்டு மணிக்கு ஊழியர்கள் நாற்காலிகளை இழுத்து அடுக்குவார்கள். அந்தக் கரகரச் சத்தம் கூரை வழியாக அப்படியே இறங்கும். கப்பல் மீது குற்றமில்லை. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அது நல்ல கப்பல்தான். இவர்களுக்குப் பொருந்தாததை எடுத்துக் கொடுத்தது என் தவறு.

2022 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பிய சொகுசுக் கப்பல் ஒன்று நம்மூருக்கு எதிரே வந்தும், பயணிகள் இறங்க அனுமதி கிடைக்காமல் போனது உங்களுக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகுதான் குரூஸ் பற்றி நம்மிடம் கேட்பவர்கள் கூடினார்கள். இப்போது இரண்டாவது முறை போகிறவர்கள் வருகிறார்கள். "இந்தத் தடவை கொஞ்சம் காசு போனாலும் பரவாயில்லை, நல்ல கப்பலா சொல்லுங்க" என்கிறார்கள். நல்ல கப்பல் என்றால் எது, கூடுதல் பணம் எதற்குப் போகிறது என்பதை விவரமாகச் சொல்லத்தான் இந்த மடல்.

கூடுதல் பணம் அறை அலங்காரத்துக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அமைதி தேடுகிறவர்களுக்கு அறை இரண்டாம் பட்சம். கூடுதல் பணத்தில் நீங்கள் வாங்குவது ஆள் குறைவைத்தான்.

கப்பல் விவரங்களில் கிராஸ் டன்னேஜ் என்று ஒரு எண் இருக்கும். எடை என்று தோன்றும், ஆனால் அது கப்பலின் உள்ளே எவ்வளவு இடம் அடைபட்டிருக்கிறது என்பதைச் சொல்லும் கணக்கு. அதைப் பயணிகள் எண்ணிக்கையால் வகுத்தால் ஒருவருக்கு எவ்வளவு இடம் என்று ஓரளவு தெரியும். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் ஜென்டிங் ட்ரீம் ஏறக்குறைய 1,50,000 டன், அறைக்கு இரண்டு பேர் என்றால் 3,352 பயணிகள். வகுத்தால் 45. ராயல் கரீபியனின் ஐக்கான் ஆஃப் தி சீஸ் 2,48,663 டன், 5,610 பேர், அதாவது 44. வைக்கிங் நிறுவனத்தின் கடல் கப்பல்களில் 930 பேர் போகக்கூடியவை சுமார் 47,800 டன், அதாவது 51. சீபோர்ன் என்கோர் 40,350 டன்னுக்கு 600 பேர்தான். 67 வருகிறது.

இந்தக் கணக்கை முதலில் போட்டபோது, இதை வைத்தே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடலாம் என்று நினைத்தேன். ஒரு கப்பல் என்னைத் திருத்தியது. அசமாரா என்ற நிறுவனத்தின் கப்பல்கள் சுமார் 30,000 டன், எழுநூறு பேர். வகுத்தால் 43தான், ஐக்கானை விடக் கொஞ்சம் குறைவு. ஆனாலும் அசமாராவில் போனவர்கள் அமைதியைத்தான் முதலில் சொல்கிறார்கள். ஏனென்றால் ஐக்கானில் விடுமுறைக் காலத்தில் ஒரே அறையில் மூன்று பேர், நான்கு பேர் என்று ஏறினால் எண்ணிக்கை 7,600 வரை போகும். அப்போது அந்த 44 என்பது 33 ஆகிவிடும். அசமாராவில் குழந்தைகளுக்கான இடமும் இல்லை, தண்ணீர்ச் சறுக்கும் இல்லை. குளத்தங்கரையில் மைக் பிடித்துப் போட்டி நடத்துவதும் குறைவு. நம் கடற்கரைச் சாலையையே எடுத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கும் சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கும் அதன் நீளமும் அகலமும் ஒன்றுதான்.

அதனால் இப்போது நாங்கள் டன் கணக்கோடு வேறு சிலவற்றையும் பார்க்கிறோம். குழந்தைகளை ஏற்றுகிறார்களா? வைக்கிங் கடல் கப்பல்களில் 18 வயதுக்குக் கீழ் யாரும் ஏற முடியாது, சூதாட்டக் கூடமும் கிடையாது. சூதாட்டக் கூடம் இல்லை என்பது நம் வீட்டுப் பெரியவர்களில் பலருக்கு நிம்மதியான செய்தி. நாள் முழுக்க ஒலிபெருக்கியில் அறிவிப்பு வருமா? சிறிய கப்பல்கள் பலவற்றில் மதியம் கேப்டன் ஒருமுறை பேசுவதோடு சரி. சாப்பாட்டுக்கு நேரம் ஒதுக்குவார்களா, போனபோது உட்காரலாமா? இதெல்லாம்தான் நான்கு நாளும் உங்களோடு இருக்கப்போவது.

நடுவில் ஒரு படி இருக்கிறது. செலப்ரிட்டி, பிரின்சஸ், 1873இல் ராட்டர்டாமில் தொடங்கிய ஹாலந்து அமெரிக்கா போன்றவை. இவற்றின் கப்பல்களில் பெரும்பாலும் இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரம் பேர் வரை இருப்பார்கள், பிரின்சஸின் புதிய கப்பல்களில் இன்னும் கூடுதல். சாப்பாடு நன்றாக இருக்கும், சத்தம் குறையும், ஆனால் துறைமுகத்தில் இறங்கும்போது வரிசை இருக்கும். முதல் முறை போகிறவர்களுக்கு இது போதும் என்பது என் எண்ணம். முத்தியால்பேட்டை அம்மா போல வரிசையைப் பார்த்தாலே சோர்ந்துவிடுகிறவர்கள் ஆயிரம் பேருக்குக் கீழே உள்ள கப்பலுக்குப் போவதே நல்லது. வைக்கிங், அசமாரா, ஓஷியானியாவின் சிறிய கப்பல்கள் அந்த வகை. அதற்கும் மேலே சீபோர்ன், சில்வர்சீ, ரீஜென்ட்.

மேல்மட்டக் கப்பல்களின் விலையைப் பார்த்தால் முதலில் நெஞ்சு பக்கென்று இருக்கும். ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரிய அமெரிக்கக் கப்பல்களில் விளம்பர விலைக்கு மேல் டிப்ஸ் என்று ஒருவருக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 டாலர் வரை தனியாகக் கணக்கில் ஏறும். வைஃபை தனி, நல்ல உணவகம் தனி, கரையில் சுற்றிப்பார்ப்பது தனி. ரீஜென்டில் கரைச் சுற்றுலாவே கட்டணத்துக்குள் வந்துவிடும். சீபோர்னிலும் சில்வர்சீயிலும் டிப்ஸ், மது எல்லாம் உள்ளடங்கியது. ஆனால் நம் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் மது தொடாதவர்கள். குடிக்காத மதுவுக்கு ஏன் பணம் கட்ட வேண்டும்? அவர்களுக்கு வைக்கிங்தான் பொருத்தம் என்று சொல்வேன். அங்கே சாப்பாட்டோடு வைனும் பீரும் மட்டும்தான் சேர்த்தி. எல்லா அறைக்கும் பால்கனி உண்டு, ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒரு கரைச் சுற்றுலா சேர்த்தி.

விலை கூடிய கப்பலை விற்றால் எங்களுக்குக் கமிஷனும் கூடும். இது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் இதையும் சொல்கிறேன்: பெரிய கப்பலில் ஏழு இரவு சூட் என்கிற பெரிய சொகுசு அறை எடுக்கிற பணத்தில், சிறிய கப்பலில் சாதாரண அறை கிடைக்குமா என்று முதலில் என்னைக் கேளுங்கள். பல நேரம் ஓரிரு இரவு குறைத்துக்கொண்டால் கிடைத்துவிடும். அமைதிதான் வேண்டுமென்றால் நாளைக் குறைத்துக் கப்பலை மாற்றுங்கள்.

பேரப்பிள்ளைகளும் கூட வருகிறார்கள் என்றால் கதை வேறு. சிறிய கப்பலில் பிள்ளைகளுக்கு இரண்டாம் நாளே சலித்துவிடும். பெரிய கப்பலுக்கே போங்கள், அதற்குள் தனியாக ஒதுக்கிய பகுதியில் அறை எடுங்கள். ஜென்டிங் ட்ரீமில் அதற்குப் பெயர் தி பேலஸ், எம்.எஸ்.சி. கப்பல்களில் யாட் கிளப். தனி உணவகம், தனி நீச்சல் குளம். பிள்ளைகள் கூட்டத்தில் ஆடிவிட்டு வரலாம், தாத்தா பாட்டி நிழலில் படிக்கலாம்.

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் நம்மிடம் நிறைய. அவர்களுக்கு ஒரு தனிச் செய்தி. மார்செய்யைத் தலைமையிடமாகக் கொண்ட போனான் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் கப்பல்களில் பிரெஞ்சு, ஆங்கிலம் இரண்டிலும் எல்லாம் நடக்கும். அவற்றில் ஒரு வகையில் 92 அறைகள்தான், 184 பேர்தான். பாரிசில் மகன், மகளைப் பார்க்கப் போகும்போது கூட ஒரு வாரம் சேர்த்துக்கொள்ளலாம். சிறிய கப்பலின் இன்னொரு சிறப்பு அங்கேதான் தெரியும். பெரிய கப்பல் பாரிஸ் என்று சொல்லிவிட்டு லஹாவ்ர் துறைமுகத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து பாரிசுக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர், பகல் முழுக்கப் பேருந்துதான். சிறிய கப்பலோ கரோன் ஆற்றில் ஏறி பொர்தோ நகரின் நடுவிலேயே நிற்கும். இறங்கினால் வீதி. நம்மூர் லபூர்தொனே வீதிக்குப் பெயர் தந்தவர் பிறந்த சான் மாலோ என்ற கோட்டை நகருக்கும் இப்படிப்பட்ட கப்பல்கள் போகின்றன. அந்தக் கோட்டைச் சுவர் மேல் மாலையில் நடக்க வேண்டும் என்பது எனக்கே நெடுநாள் ஆசை.

வெனிஸ் என்று கேட்பவர்களுக்கு: 2021 ஆகஸ்டிலிருந்து 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் நகரின் முன்னால் உள்ள கால்வாயில் போக முடியாது. பழைய வீடியோவில் பார்த்த காட்சி பெரிய கப்பலில் இப்போது கிடைக்காது.

இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்துதான் விண்ணப்பிக்க முடியும். கப்பல் நடுவில், அந்த நாடுகளில் சேராத துருக்கிக்குப் போய்த் திரும்புகிறது என்றால் பலமுறை நுழைவு விசா கட்டாயம். சிறிய கப்பல்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். முழுப் பணத்தையும் சில நிறுவனங்கள் நான்கைந்து மாதம் முன்பே கேட்கும், ரத்து செய்தால் பிடித்தமும் கடுமை. காப்பீடு எடுக்காமல் யாரையும் நான் அனுப்புவதாக இல்லை.

சாப்பாட்டு விஷயத்தில் ஆசை காட்ட மாட்டேன். ஜென்டிங் ட்ரீமில் இந்தியச் சைவச் சாப்பாடு கிடைக்கும். மேல்மட்டக் கப்பலில் காலையில் இட்லி சாம்பாரை எதிர்பார்க்காதீர்கள். சைவம் மட்டும், முட்டையும் கூடாது, வெங்காயம் பூண்டு சேர்ப்பதில்லை என்று எதுவாக இருந்தாலும் இரண்டு மூன்று மாதம் முன்பே எழுதிக் கொடுத்தால் சமையலறையில் ஏற்பாடு செய்வார்கள். ஏறிய பிறகு சொன்னால் வேகவைத்த காய்கறிதான் வரும். ஓஷியானியாவில் தாவர உணவுக்கென்று தனிப் பட்டியலே வைத்திருக்கிறார்கள். அப்புறம், சிறிய கப்பல் அலையில் கொஞ்சம் கூடுதலாக ஆடும். தலைசுற்றல் உள்ளவர்கள் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை எடுக்க வேண்டும். இரவு பத்தரைக்கு மேல் ஆட்டம் பாட்டம் இருக்காது. கூட வருபவர்களில் பலர் அறுபதைக் கடந்தவர்களாக இருப்பார்கள்.

அறையைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் நான் சறுக்கியது இங்கேதான். எந்தக் கப்பலானாலும், உங்கள் அறைக்கு மேல்தளத்திலும் கீழ்த்தளத்திலும் அறைகளே இருக்க வேண்டும். மேலே குளமோ பஃபேயோ, கீழே நாடக அரங்கோ இருந்தால் வேண்டாம். லிஃப்ட்டுக்கு ஒட்டிய அறை வேண்டாம். பக்கத்து அறைக்கு உள்கதவு இருந்தால் பேச்சுச் சத்தம் வரும். முன்பக்கக் கீழ்த்தளத்தில், விடியற்காலையில் கப்பலைக் கரையோடு அணைக்கும் எந்திரத்தின் அதிர்வு கட்டிலை உலுக்கும். ஒவ்வொரு தளத்திலும் எது எங்கே என்று காட்டும் டெக் பிளான் படத்தில் எல்லாம் தெரியும். விலை குறைவாக இருக்கிறதே என்று "எந்த அறை வந்தாலும் சரி" என்கிற வகையில் பதிவு செய்துவிட்டால் நிறுவனம் கொடுக்கிற அறைதான். அமைதி தேடுகிறவர்கள் அந்தச் சலுகை விலையை விட்டுவிடுங்கள்.

காலத்தையும் பாருங்கள். நவம்பரிலிருந்து மார்ச் வரை இந்தச் சிறிய கப்பல்களில் சில ஆசியப் பக்கம் வரும், சிங்கப்பூரிலேயே ஏறலாம். ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை ஐரோப்பா. சீனப் புத்தாண்டு வாரத்தையும் பள்ளி விடுமுறைகளையும் விட்டுத் தேதி பாருங்கள்.

இனி நம் அலுவலகத்தில் கப்பல் பதிவு செய்ய வருகிறவர்களிடம் அந்தக் கப்பலின் பயணிகள் எண்ணிக்கையையும், அந்த வாரம் எந்த ஊருக்குப் பள்ளி விடுமுறை என்பதையும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் முன்பணம் வாங்குவேன். டெக் பிளானைப் பெரிய தாளில் அச்செடுத்து வைத்திருக்கிறேன். வந்தால் உட்கார்ந்து பார்க்கலாம். ஞாயிறு தவிர மற்ற நாட்களில் காலை பத்திலிருந்து இரவு எட்டு வரை இருப்பேன். கடலூரிலிருந்து வருகிறவர்கள் முன்பே போன் செய்துவிட்டு வாருங்கள், காத்திருக்க வேண்டாம்.

முத்தியால்பேட்டை ஐயாவும் அம்மாவும் வரும் பிப்ரவரிக்கு, சீனப் புத்தாண்டு வாரத்தை விட்டு, எழுநூறு பேர் போகும் கப்பலில் பதிவு செய்திருக்கிறார்கள். ஏழாம் தளம், நடுப்பகுதி. மேலேயும் கீழேயும் அறைகள்தான். அம்மா முன்னால் உட்கார்ந்திருக்க, ஒவ்வொரு தளமாகத் தாளில் விரல் வைத்து எண்ணிக் காட்டினேன்.

அன்புடன்,
உங்கள் பயண முகவர்,
புதுச்சேரி