பெரியப்பாவுக்கு, அந்தத் தோடி பற்றி

பெரியப்பா,

அடுத்த வாரம் உங்களுக்குத் தலைத் திவசம். படையலுக்கு என்னென்ன வேண்டும் என்று பெரியம்மா பட்டியல் சொல்லிவிட்டார்கள். நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு.

ஆறு மாசமாக ரயிலில் பாட்காஸ்ட் கேட்கிறேன். சமையல் குறிப்பில் ஆரம்பித்து எப்படியோ கர்நாடக சங்கீதத்துக்கு வந்து சேர்ந்தேன். போன புதன்கிழமை தோடி ராகம். எட்டாவது மேளகர்த்தா, அதாவது தாய் ராகம்; அதில் காந்தாரத்தை, அந்த 'க' ஸ்வரத்தை, அசைக்காமல் நிறுத்தினால் அது தோடியே இல்லை என்றார் பாட்காஸ்ட் நடத்தும் அம்மா. நேராக ஒரு தடவை, அசைத்து ஒரு தடவை பாடிக் காட்டினார். பின்னுக்குத் தள்ளித் தள்ளிக் கேட்டதில் குரோம்பேட்டையை விட்டுத் தாம்பரத்தில் இறங்கினேன். அப்புறம் நாதஸ்வரம் ராஜரத்தினம் பிள்ளையின் பழைய இசைத்தட்டிலிருந்து ஒரு துண்டு. பிளாட்பாரத்திலேயே நின்றுவிட்டேன். என் கல்யாணத்து மாப்பிள்ளை அழைப்பன்று நீங்கள் நாதஸ்வரத்தில் விடாமல் சுற்றிச் சுற்றி வந்தது அந்தக் காந்தாரத்தைத்தான்.

சீட்டு எழுதி அனுப்பியது நான், பெரியப்பா. மாப்பிள்ளை வீட்டார் என்றுதான் இன்றுவரை எல்லாரும் நினைக்கிறார்கள். நானும் திருத்தவில்லை.

நீங்கள் படித்தீர்கள். மடித்து இடுப்பில் செருகினீர்கள். நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளியை நாக்கில் நனைத்துக்கொண்டு தவில்காரரை ஒரு பார்வை பார்த்தீர்கள். சினிமாப் பாட்டு. பல்லவியோடு நிறுத்தியிருக்கலாம், ரெண்டு சரணமும் ஒரு பிசிறில்லாமல் வாசித்தீர்கள். மேடைப் பக்கம் திரும்பவே இல்லை.

எனக்கு இருபத்திரண்டு வயசு. அவருடைய ஆபீஸ்காரர்கள் முன்வரிசையில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று ராத்திரி சமையல்கட்டுப் பக்கம் நடந்த பேச்சை இங்கே எழுதவில்லை, சம்பந்தப்பட்டவர்கள் படிப்பார்கள். மன்னிப்பு கேட்கிறேன், சரி. ஆனால் அது தோடி என்று எனக்கு யார் சொன்னது? விடியற்காலை நாலு மணிக்கு அண்ணனை எழுப்பிச் சாதகம் பண்ண வைத்தீர்கள். நான் திண்ணையில் உட்கார்ந்தால், "போய்ப் படும்மா, பொம்பளப் பிள்ளைக்கு மூச்சு பத்தாது." மதுரை பொன்னுத்தாய் அம்மாளின் நாதஸ்வரத்தைக் கேட்டதாகப் பெருமையடித்ததும் இதே வாய்தான். அண்ணன் இப்போது டைல்ஸ் கடை வைத்திருக்கிறான்.

கல்யாண டிவிடியைத் தேடிப் போட்டுப் பார்த்தேன். அந்த இடத்தில் வீடியோக்காரர் உங்கள் சத்தத்தை எடுத்துவிட்டு ஏதோ டூயட்டை ஒட்டியிருக்கிறார். உங்கள் கன்னம் உப்புகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, விரல் ஒரு துளையின் மேல் பாதி மூடிப் பாதி திறந்து நடுங்குகிறது. கேட்பது டூயட். சீட்டு வந்து சேரும் வரைக்கும் நாலு நிமிஷம். அதைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கிறேன், தினமும்.

உங்கள் சீவாளி டப்பாவை அண்ணன் தேடிக்கொண்டிருக்கிறான். தெரியாது என்று சொல்லியிருந்தேன், இதைப் படித்தால் தெரிந்துகொள்வான். ஒன்றை எடுத்துத் தண்ணீரில் ஊறவைத்து ஊதினேன். வாத்து கத்தியது மாதிரி ஒரு சத்தம். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். டப்பாவைத் தர மாட்டேன்.